துச்சிலும் புக்கிலும்

திருக்குறளின் நிலையாமை அதிகாரத்தைப் பாடஞ்சொல்லும் ஆசிரியர் எவரும் அதன் இறுதிக் குறளில் சற்றே நின்று செல்வர். அங்கே வள்ளுவர் இரண்டு அரிய சொற்களை எதிரெதிராக நிறுத்துகிறார். ஒன்று துச்சில், மற்றொன்று புக்கில். துச்சில் என்பது வழிச்செல்வோன் சிலபொழுது ஒதுங்கியிருக்கும் இடம். புக்கில் என்பது புகுந்தபின் நீங்காது உறையும் இல்லம். உடலில் ஒதுக்குக் குடியாக வாழும் இவ்வுயிர்க்கு நிலைத்த வீடு இன்னும் கிட்டவில்லை போலும் என்று ஐயுறுகிறார் அப்பெருமான். ஐயத்தை எழுப்பியவர் அதற்கு விடை கூறாமலே அதிகாரத்தை முடித்துவிடுகிறார்.

கிறித்துவ சமயமும் இவ்வினாவைத் தன் தொடக்க நாள் முதல் எழுப்பி வந்துள்ளது. ஓர் ஊரில் வாழும் கிறித்துவ மக்களின் கூட்டத்தைத் தமிழ்க் கத்தோலிக்கர் 'பங்கு' என்பர். ஆங்கிலேயர் 'பாரிஷ்' என்பர். இந்தப் 'பாரிஷ்' என்னும் சொல், 'பரோய்க்கியா' என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. பிறர் நாட்டில் உரிமைக் குடியாக அன்றி அயலாராய்த் தங்கி வாழ்தல் என்பது அதன் பொருள். இன்று ஊரில் ஆழ வேரூன்றிய ஓர் அமைப்பின் பெயராய் விளங்கும் சொல், பிறந்தபோது வேரின்மையைக் குறித்தது என்பது எண்ணத்தக்கது அன்றோ? துச்சில் வாழ்வையே தன் பெயராக ஏற்றுக்கொண்ட சபை அது.

நான் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். ஆசிரியப் பணியில் ஊர் ஊராக மாற்றப்பட்டவன். இதுகாறும் ஏழு வீடுகளில் வாழ்ந்துவிட்டேன். வீடு மாறுந்தோறும் எனக்குள் எழுந்த வினா இது: இடம்பெயர்தல் ஒருவனுக்கு இறைப்பற்றைக் கற்பிக்குமா? கற்பிக்குமெனில் அது கற்பிப்பதுதான் யாது? "இவ்வுலகம் நமக்கு வீடன்று, ஆதலின் வீட்டின்மேல் பற்று வையாதே" என்பது நாம் வழக்கமாகக் கேட்கும் விடை. அவ்விடை பாதி உண்மை. மற்றப் பாதியை மறந்துவிட்டால் அந்தப் பாதி உண்மையே பெருந்தீங்காய் முடியும் என்பதை நான் காலங்கடந்து கற்றேன். கற்ற வரலாற்றை ஈண்டு எழுதத் துணிகிறேன்.

கூடாரத்தில் வாழ்ந்தவர்

விவிலியத்தில் நம்பிக்கையின் தந்தையாகப் போற்றப்படுபவர் ஆபிரகாம். அவர் குடும்பம் மெசொப்பொத்தாமியாவில் இருந்த 'ஊர்' என்னும் நகரினின்று புறப்பட்டு ஆரானில் தங்கியது. (அப்பெயர் நம் செவிக்கு இனிக்கும், ஆயினும் நம் ஊரும் அந்த ஊரும் ஒலியால் மட்டுமே ஒத்தவை.) ஆரானில் இருந்தபோது அவருக்கு இறைவனின் அழைப்புக் கிட்டியது. அவர்க்கு அப்போது வயது 75. செல்லும் நாடு எது என்று முன்னதாக அறியாமலே அவர் புறப்பட்டார். அதன்பின் கானான் நாட்டில் பல்லாண்டு கூடாரம் அடித்தும் கழற்றியும் வாழ்ந்தார்.

நாடு முழுவதும் உன் வழித்தோன்றல்களுக்கே என்னும் வாக்குறுதியைப் பெற்றவர் அவர். எனினும் தம் வாழ்நாளில் அங்கே விலைகொடுத்து வாங்கிய நிலம் எது தெரியுமா? மனைவி சாரா இறந்தபோது எபிரோனுக்கு அருகே மக்பேலா என்னும் இடத்தில் ஒரு நிலத்தையும் அதிலிருந்த குகையையும் வாங்கினார். நிலத்துக்கு உரியவன் அதனை இலவசமாகவே தருவதாக ஊரார் முன்னிலையில் கூறினான். ஆபிரகாம் ஏற்கவில்லை. 400 சேக்கல் வெள்ளியை முழுமையாக நிறுத்துக் கொடுத்த பின்னரே மனைவியை அடக்கம் செய்தார்.

வழிப்போக்கராய் வாழ்ந்தவர் கல்லறைக்கென ஏன் நிலம் வாங்க வேண்டும்? 'எல்லாம் துச்சிலே' என்று கூறி, யாரோ ஒருவர் தந்த நிலத்தில் சாராவைப் புதைத்துச் சென்றிருக்கலாமே! அவர் அவ்வாறு செய்யவில்லை. தம் தலைக்கு மேல் கூடாரத் துணி போதும் என்று வாழ்ந்தவர், தம் அன்புக்குரியவர் துயிலும் இடம் எவராலும் பறிக்க இயலாத உரிமை நிலமாய் இருத்தல் வேண்டும் என்று கருதினார். தமக்கொரு நெறியும் பிறர்க்கொரு நெறியுமாக அவர் நடந்துகொண்ட இந்நுட்பத்தை நான் இளமையில் பலமுறை படித்தும் கண்டுகொள்ளவில்லை.

தண்டு கழற்றாத பேழை

ஆபிரகாமின் பேரன் யாக்கோபு, அண்ணனின் சினத்துக்கு அஞ்சி ஊரைவிட்டு ஓடினான். இருட்டிய இடத்தில் ஒரு கல்லைத் தலைக்கு வைத்துப் படுத்தான். விண்ணுக்கும் மண்ணுக்கும் இடையே ஏணி நிற்கக் கனவு கண்டான். விழித்தவன், இறைவன் இந்த இடத்திலும் இருப்பதை இத்துணை நாள் அறியாதிருந்தேனே என்று அஞ்சி வியந்தான். தந்தையின் கூடாரத்தோடு தெய்வமும் தன்னை விட்டு நீங்கிவிட்டதென்று எண்ணியவனுக்கு, ஆளரவமற்ற அவ்வெளியே இறைவனின் இல்லமாயிற்று.

அவன் வழித்தோன்றல்கள் எகிப்தின் அடிமைத்தளையினின்று விடுபட்டுப் பாலைவெளியில் 40 ஆண்டுகள் அலைந்தபோது, உடன்படிக்கைப் பேழையை உடன்கொண்டு சென்றனர். அப்பேழையின் அமைப்பில் நான் பெரிதும் விரும்பும் ஒரு குறிப்பு உண்டு. அதன் பக்கங்களில் வளையங்கள் இருந்தன. அவ்வளையங்களில் சுமக்கும் தண்டுகள் செருகப்பட்டிருந்தன. பேழையை இறக்கி வைத்த பின்னரும் அத்தண்டுகளைக் கழற்றலாகாது என்பது கட்டளை. தங்கியிருக்கும் நாளிலும் புறப்படும் கோலத்திலேயே அது வைக்கப்பட்டிருந்தது.

இதன் பொருளை எனக்குக் கற்பித்தவர் சமயக் கல்வி கற்றவர் அல்லர். எழுதப் படிக்கத் தெரியாத என் பாட்டியார். 1926இல் கட்டப்பட்டு 1973 வரை தமிழகத்துக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய 'ரஜூலா' கப்பலில், நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கியவர் அவர். எங்கள் தோட்டத்தில், லயங்களின் கோடியில், தகரக் கூரையிட்ட ஒரு சிற்றாலயம் இருந்தது. பட்டணத்திலிருந்து பங்குக் குரு மாதம் ஒருமுறை வந்து பூசை வைப்பார். மற்ற ஞாயிறுகளில் என் பாட்டியாரே செபமாலை சொல்லுவார். சிறுவர்கள் நாங்கள் அரைத்தூக்கத்தில் மறுமொழி சொல்லுவோம்.

1950களிலும் 1960களிலும் வெள்ளையர் தம் தோட்டங்களைக் கைம்மாற்றிச் செல்ல, அவை கூறுகூறாக விற்கப்பட்ட காலத்தைத் தோட்டத் துண்டாடல் காலம் என்று நம்மவர் இன்றும் நினைவுகூர்வர். எங்கள் தோட்டமும் துண்டாடப்பட்டது. ஒருநாட் காலையில் எங்கள் குடும்பம் வாடகை லாரியில் ஏறியது. நான் பன்னிரண்டு வயதுச் சிறுவன். சட்டி பானைகளும் இரண்டு கோழிகளும் ஒரு தகரப் பெட்டியுமே எங்கள் உடைமை. பாட்டியார் வேளாங்கண்ணி மாதாவின் சிறு சுரூபத்தைப் பழஞ்சேலையில் சுற்றி மடியில் வைத்திருந்தார். லாரி ஆலயத்தைக் கடந்தபோது நான் அழுதேன். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பட்டணத்தின் ஓரத்தில் புறம்போக்கு நிலத்துப் பலகை வீடு ஒன்றில் குடியேறினோம். முதல் இரவு விளக்குக்கும் மண்ணெண்ணெய் இல்லை. பாட்டியார் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் சுரூபத்தை நிறுத்தினார். மெழுகுத்திரி ஒன்றை ஏற்றினார். தோட்டத்தில் எந்தக் குரலில் தொடங்குவாரோ அதே குரலில் செபமாலையைத் தொடங்கினார். நாங்களும் அரைத்தூக்கத்தில் மறுமொழி சொன்னோம். எனக்குத் திடுமென ஒன்று விளங்கிற்று. நான் ஆலயம் என்று எண்ணி அழுதது தகரக் கூரைக்காக. உண்மையான ஆலயம் லாரியில் எங்களுடனேயே வந்துவிட்டது. பாட்டியாரின் செபத்தில் தண்டுகள் கழற்றப்படவே இல்லை.

இடம்பெயர்தல் கற்பிக்கும் முதற்பாடம் இதுவே. வீடு மாறும்போது நம்மிடமிருந்து உதிர்வன பல. அவற்றுள் வழக்கம் எது, நம்பிக்கை எது என்று நாம் அதுவரை பிரித்து அறிந்திருக்கமாட்டோம். சல்லடையில் இட்டு அசைத்தாலன்றி நொய்யும் அரிசியும் பிரிவதில்லை. பெயர்ச்சி என்பது அத்தகைய ஓர் அசைப்பு.

குன்றின்மேல் ஒரு வெறுமை

குடும்பப் பெயர்ச்சியில் கற்ற இப்பாடத்தை, நெடும்பயணம் ஒன்றின் சுவடு எனக்கு மேலும் விரித்துக் காட்டியது. ஆசிரியனான பின் மாணவர்களை மலாக்காவுக்குக் கல்விச் சுற்றுலா அழைத்துச் செல்வதுண்டு. அங்கே புனித பவுல் குன்றின் உச்சியில் கூரையிழந்த பழைய ஆலயம் ஒன்று நிற்கிறது. அதன் தரையில் கம்பி வலையிட்ட ஒரு குழி இருக்கிறது. புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் 1553இல் சில மாதங்கள் வைக்கப்பட்டிருந்த இடம் அது. பின்னர் அவ்வுடல் கோவாவுக்கு எடுத்துச் செல்லப்பட்டது. இப்போது அங்கே காண்பதற்கு வெறுமையைத் தவிர வேறொன்றும் இல்லை.

சவேரியார்க்கும் தமிழுக்கும் உள்ள உறவை மாணவர்கள் பலர் அறியார். ஸ்பெயினின் நவார்ப் பகுதியில் பிறந்த அவர் 1542இல் தமிழகத்தின் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கே பரதவ மக்கள் முன்னரே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். ஆயினும் அவர்கள் மொழியில் அவர்களுக்கு மறையைக் கற்பிப்பார் இல்லை. சவேரியார் இருமொழி அறிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழில் ஆக்குவித்தார்; அவற்றைத் தாமே மனப்பாடம் செய்தார்; மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாய் நடந்து சிறுவர்களைக் கூட்டிக் கற்பித்தார். கற்பிக்கச் சென்றவர் முதலில் மாணவரானார். ஆசிரியர்களாகிய நாம் இதனை ஊன்றிக் கருதல் வேண்டும்.

1545இல் அவர் மலாக்காவை அடைந்தார். பின்னர் மொலுக்கத் தீவுகள், சப்பான் எனச் சென்றார். சீனத்துக்குள் நுழைய விழைந்து, கரைக்கு அணித்தான சாங்சுவான் தீவில் காத்திருந்தபோது 1552 திசம்பர் 3ஆம் நாள் உயிர்நீத்தார். சென்றடைய எண்ணிய நாட்டை அவர் சென்றடையவில்லை.

அவர் ஏறிச் சென்றவை போர்த்துக்கேயப் பேரரசின் கப்பல்கள் என்பதையும், அப்பேரரசு இம்மண்ணில் வாளால் வென்று நின்றது என்பதையும் மாணவர்களிடம் மறைத்தல் கூடாது. அக்குன்றைச் சூழ அப்பேரரசு எழுப்பிய பெருங்கோட்டையை 1807இல் ஆங்கிலேயர் தகர்த்தனர். இன்று அடிவாரத்தில் ஒரு வாயில் மட்டுமே எஞ்சியுள்ளது. நீங்காது உறையும் புக்கில் என்று கருதிக் கட்டியது ஒற்றை வாயிலாய்ச் சுருங்கிற்று. தங்காது சென்றவர் கற்பித்த வழிபாடோ முத்துக்குளித்துறைக் கரையில் இன்றும் தமிழில் ஒலிக்கிறது. எதைக் கையில் இறுகப் பற்றுகிறோமோ அது உதிர்கிறது. எதைப் பிறர் நாவில் விட்டுச் செல்கிறோமோ அது வாழ்கிறது. பயணம் கற்பிக்கும் இரண்டாம் பாடம் இது.

அயன்மையை அறிந்தவர் கடமை

பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருத்தலம் உள்ளது. அங்குள்ள பழைய ஆலயம் 1888இல் கட்டப்பட்டது. அவசரகாலத்தின்போது (1948–1960) அப்பகுதி கறுப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டதால் மக்கள் செல்லவியலாத இடமாய் அது சில காலம் கிடந்தது. நாடெங்கும் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்ட காலம் அது. அமைதி திரும்பியபின் யாத்திரிகரும் திரும்பினர். ஆண்டுதோறும் சூலை மாதம் 26ஆம் நாளை ஒட்டி நடைபெறும் பெருவிழாவில் தமிழரும் சீனரும் யூரேசியரும், பிற சமயத்தவருங்கூட, திரண்டு மெழுகுத்திரி ஏந்தி நடப்பர்.

இளமையில் அவ்விழாவுக்குச் சென்று, ஆலயத் திடலில் பாய் விரித்துப் படுத்த இரவுகள் நினைவில் உள்ளன. பக்கத்துப் பாயிலிருந்த சீனக் குடும்பம் எங்களுக்குச் சுடுநீர் தந்தது. நாங்கள் புளிச்சோறு தந்தோம். அங்கே எவரும் வீட்டுக்காரர் அல்லர். ஆதலின் எவரும் அயலாரும் அல்லர். எல்லாரும் விருந்தினராய் இருக்குமிடத்தில் விருந்தோம்பல் எத்துணை எளிதாகிறது!

மோசேயின் சட்டத்தில் ஒரு கட்டளை திரும்பத் திரும்ப வருகிறது. அயல்நாட்டானை ஒடுக்கலாகாது என்பது அது. அதற்குக் காட்டப்படும் காரணம் இரக்கம் மட்டுமன்று, நினைவும் ஆகும். நீங்களும் எகிப்து நாட்டில் அயலாராய் இருந்தீர்கள். அயலானின் உள்ளம் எத்தகையது என்பதை நீங்கள் அறிவீர்கள் என்று சட்டம் நினைவூட்டுகிறது. இயேசுபிரான் இறுதித் தீர்ப்பைப் பற்றிக் கூறியபோதும், அந்நியனை ஏற்றுக்கொண்டவன் தம்மையே ஏற்றுக்கொண்டான் என்னும் கருத்தை அமைத்தார். அவரும் பெற்றோரின் பயணத்திடையே பிறந்தவர்; குழந்தைப் பருவத்தில் எகிப்துக்குத் தூக்கிச் செல்லப்பட்ட அகதி.

இந்நாட்டுத் தமிழராகிய நமக்கு இக்கட்டளை பழங்கதை அன்று. நம் முன்னோர் லயத்தின் ஓர் அறையில் ஒரு குடும்பமாய் நெருங்கிக் கிடந்தவர்கள். இன்று நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார் நாடுகளிலிருந்து வந்த இளைஞர்கள் நம் ஊர்களில் அவ்வாறே நெருங்கிக் கிடக்கின்றனர். 2020இல் கொரோனாப் பெருந்தொற்றுப் பரவியபோது, சிங்கப்பூரின் தொழிலாளர் தங்குவிடுதிகளில் பல்லாயிரவர் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தனர். அவர்களுள் தமிழகத்தினின்று வந்தோரும் பலர். அவர்களைப் பார்த்து, "இவர்களால்தான் நோய் வருகிறது" என்று நம்மவருள் சிலரே கூறக் கேட்டேன். பாட்டனார் ஏறிவந்த கப்பலை மறந்தவர் நாவில்தான் அச்சொல் பிறக்கும். பெயர்ச்சியின் மூன்றாம் பாடம், நினைவைக் கடமையாக்குவது.

நான் செய்த பிழை

இவ்வளவும் அறிந்தவன் என்று என்னை எண்ணிக்கொண்டிருந்த காலத்தில்தான் அப்பிழையைச் செய்தேன். 1990களில் நான் பணியாற்றிய தமிழ்ப்பள்ளியை ஒட்டியிருந்த தோட்டம் வீடமைப்புத் திட்டத்துக்காக விற்கப்பட்டது. அங்குள்ள குடும்பங்கள் குறித்த நாளுக்குள் வெளியேற வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. கிறித்துவக் குடும்பங்கள் கடைசியாக ஒருமுறை சிற்றாலயத்தில் கூடிச் செபித்தன. என்னைப் பேசுமாறு பணித்தனர். நான் ஆபிரகாமைப் பற்றிப் பேசினேன். நாமெல்லாம் வழிப்போக்கர், இவ்வுலகில் நமக்கு நிலையான நகர் இல்லை, ஆதலின் கலங்காது புறப்படுங்கள் என்றேன். பேச்சு நன்றாக அமைந்ததென்று எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சியும் இருந்தது.

கூட்டம் கலைந்ததும், முப்பது ஆண்டுக்கு மேல் அத்தோட்டத்தில் பால்மரம் வெட்டிய ஓர் அம்மையார் என்னிடம் வந்தார். அவர் குரலில் சினம் இல்லை.

"வாத்தியாரையா, ஆபிரகாமைச் சாமி கூப்பிட்டாரு, அவரு போனாரு. எங்களை யாரு கூப்பிட்டா? எங்களுக்கு ஆபீசுக் கடுதாசிதானே வந்துச்சு?"

நான் விடையின்றி நின்றேன். அன்று மாலை எனக்குத் திரும்பிச் செல்ல ஒரு வீடு இருந்தது. அவருக்கு இல்லை. வீடுள்ளவன் வீடிழப்பவனுக்குப் பற்றறுக்கக் கற்பித்தேன். அழைப்புக்கும் அகற்றலுக்கும் உள்ள வேறுபாட்டை, எழுத்தறியாத அவர் கண்டார். நூல் பல கற்ற நான் காணவில்லை.

அன்றிரவு விவிலியத்தில் நாபோத்தின் வரலாற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தேன். இஸ்ரயேலில் ஆகாபு என்னும் அரசன் இருந்தான். அவன் அரண்மனைக்கு அருகே நாபோத்துக்கு ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அரசன் அதனை விரும்பினான். அதைவிட நல்ல தோட்டமோ, உரிய விலையோ தருவதாகக் கூறினான். மூதாதையரின் உரிமை நிலத்தைத் தரமாட்டேன் என்றான் நாபோத்து. அரசி பொய்ச்சாட்சிகளை ஏவி அவனைக் கல்லெறிந்து கொல்வித்தாள். அரசன் நிலத்தைக் கைப்பற்றச் சென்றான். அப்போது இறைவாக்கினர் எலியா அங்கே வந்து நின்றார்.

எலியா என்ன செய்தார் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. நாபோத்து உயிரோடிருந்த நாளில், "மண்ணின்மேல் பற்றை விடு, நாமெல்லாம் வழிப்போக்கர்" என்று அவனுக்கு அறிவுரை கூற எந்த இறைவாக்கினரும் அனுப்பப்படவில்லை. நிலத்தைப் பறித்தவன் முன்னேதான் இறைவாக்கினர் அனுப்பப்பட்டார். கொலையும் செய்து உடைமையும் கொண்டாயோ என்று அரசனைக் கேட்கவே அவர் வந்தார். வழிப்போக்கன் என்னும் உண்மையை ஆகாபுக்குச் சொல்லியிருந்தால் அது அறம். நாபோத்துக்குச் சொல்லியிருந்தால் அது கொடுமை. ஒரே சொல், கேட்பவன் யார் என்பதைப் பொறுத்து மருந்தாகவும் நஞ்சாகவும் மாறுகிறது. நான் ஆகாபுக்குரிய மருந்தை நாபோத்துக்குப் புகட்டியவன் ஆனேன்.

முற்றுகையில் வாங்கிய நிலம்

அங்ஙனமாயின், வழிப்போக்கர் என்னும் கொள்கையைக் கைவிட வேண்டுமோ? வேண்டுவதில்லை. அக்கொள்கை கைகட்டி இருப்பதற்குரிய சாக்கு அன்று என்பதை மட்டும் தெளிதல் வேண்டும்.

இறைவாக்கினர் எரேமியாவின் வாழ்விலிருந்து இரண்டு செய்திகளைக் காட்டுவேன். பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்ட தம் மக்களுக்கு அவர் மடல் எழுதினார். அங்கே வீடு கட்டிக் குடியிருங்கள். தோட்டமிட்டுக் கனி உண்ணுங்கள். நீங்கள் வாழும் நகரின் நலத்தை நாடி அதற்காக மன்றாடுங்கள் என்பது அம்மடலின் சாரம். சிறைப்படுத்திய நகரின் நலத்தையா நாடுவது என்று நாம் வியப்போம். துச்சிலையும் தூய்மையாக வைத்திருப்பவனே நல்ல வழிப்போக்கன்.

மற்றொன்று இன்னும் வியப்புக்குரியது. பாபிலோன் படை எருசலேமை முற்றுகையிட்டிருந்த வேளை. எரேமியாவோ காவலில் இருந்தார். நகர் வீழும் என்பதை உறுதியாக அறிந்தவர் அவர். அந்நிலையில் அனத்தோத்து ஊரிலிருந்த உறவினரின் நிலத்தைப் 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்கினார். சாட்சிகள் முன்னிலையில் முறைப்படி பத்திரம் எழுதுவித்தார். நெடுநாள் கெடாதிருக்கும்பொருட்டு அதனை மண்கலத்தில் இட்டு வைக்கச் செய்தார். இந்நாட்டில் மீண்டும் வீடும் நிலமும் வாங்கப்படும் நாள் வரும் என்னும் நம்பிக்கையே அப்பத்திரத்தின் உட்பொருள்.

இதனைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 1960ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். துண்டாடலால் தோட்ட மக்கள் சிதறிய அந்நாளில், துன் வீ. தி. சம்பந்தனார் தோட்டந்தோட்டமாகச் சென்று, தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப்பணம் திரட்டித் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். அச்சங்கம் தோட்டங்களை விலைக்கு வாங்கியது. பங்கு சேர்ந்தோருள் பலர் எரேமியாவின் பெயரையும் கேட்டிரார். ஆயினும் முற்றுகையிடையே நிலம் வாங்கிய நம்பிக்கை அவர்களிடம் இருந்தது. நம்பிக்கை, கண்ணை விண்ணில் பதித்துக் கையை மடியில் வைத்திருப்பதன்று; மடியிலிருந்த பத்து வெள்ளியை எடுத்து வைப்பதும் நம்பிக்கையே.

அந்த அம்மையாரிடம் நான் மறுவாரம் சென்று மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்னங்கையா" என்று அவர் காப்பி கலந்து தந்தார். பின்னர் நானும் சக ஆசிரியர் இருவரும் அக்குடும்பங்களுக்காக மனுக்கள் எழுதினோம். அலுவலகங்களுக்கு உடன் சென்றோம். சில குடும்பங்களுக்கு மலிவு விலை வீடு கிடைத்தது, சிலவற்றுக்குக் கிடைக்கவில்லை. அந்த அம்மையார் மகனோடு வேறு மாநிலம் சென்றுவிட்டார். அவருடைய வினாவுக்கு அன்று தராத விடையை இன்றளவும் தேடி வருகிறேன்.

முடிவாக ஒன்று

பணி ஓய்வுக்குப்பின் இப்போது மகள் வீட்டில், அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒன்பதாம் மாடியில் வாழ்கிறேன். இது என் ஏழாம் வீடு. பாட்டியாரின் மாதா சுரூபம் சுவரலமாரியில் நிற்கிறது. அது எத்தனை முறை சேலையில் சுற்றப்பட்டு அவிழ்க்கப்பட்டதோ! ஒரு பக்கம் வண்ணம் உதிர்ந்துவிட்டது. என்றேனும் எட்டாவது இடத்துக்குப் புறப்படும் நாள் எனக்கும் வரும். அப்போது சுற்றி எடுத்துச் செல்ல ஒன்றும் வேண்டியிராது.

ஆபிரகாம் தமக்குக் கூடாரமும் சாராவுக்கு உரிமை நிலமும் என்று வகுத்துக்கொண்ட நுட்பம் இந்த முதுமையில்தான் எனக்கு விளங்குகிறது. நிலையாமையைக் கற்க வேண்டிய பாடநூல் என் சொந்த வீடு, அயலானின் வீடன்று. என் வீட்டைத் துச்சில் என்று எண்ணி எந்நாளும் புறப்பட ஒருங்கியிருத்தல் இறைப்பற்று. அயலானின் வீட்டைப் புக்கில் என்று மதித்து அதன் கூரை சரியாதபடி தோள்கொடுத்தல் பிறரன்பு. இவ்விரண்டையும் இடம் மாற்றி, என் வீட்டைப் புக்கிலாகவும் பிறர் வீட்டைத் துச்சிலாகவும் கொள்வதே உலகில் நடக்கும் கொடுமைகளுள் பெரும்பாலானவற்றுக்கு வேர்.

நிலையாமை அதிகாரத்தை நாளை வகுப்பில் நடத்தப்போகும் இளம் ஆசிரியர்கள், அவ்விரு சொற்களின் பொருளைக் கரும்பலகையில் எழுதியபின் மாணவர்களிடம் ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம்: உங்கள் குடும்பம் எத்தனை முறை வீடு மாறியது? அவற்றுள் எத்தனை முறை அழைக்கப்பட்டுச் சென்றீர்கள். எத்தனை முறை அகற்றப்பட்டுச் சென்றீர்கள்? விடை சொல்லும் பிள்ளையின் குரலைச் செவிகொடுத்துக் கேட்ட பின்னரே குறளுக்குப் பொருள் சொல்லத் தொடங்குக.